பூரணி டீச்சர் சொன்ன நல்ல சேதி

நாணல்குளத்துக் கரையில் ஒரு நாவல் மரத்தடியில், பூரணி என்ற முள்ளம்பன்றி பாலர் வகுப்பு நடத்தி வந்தாள்.

கரடிக்குட்டி, குரங்குக்குட்டி, முயல்குட்டி, மான்குட்டி என்று காட்டிலுள்ள பொடிசுகள் எல்லாம் காலையில் அங்கே வந்து சேரும். அம்மா வாலை விடமாட்டேன் என்று ஒன்று அழும். வந்த உடனே தீனியைத் தின்று முடித்துவிட்டு, "வீட்டுக்குப் போலாமா டீச்சர்?" என்று ஒன்று கேட்கும். பூரணி அத்தனையையும் சமாளிப்பாள். ஒழுகும் மூக்கைத் துடைப்பாள். பாட்டுச் சொல்லிக் கொடுப்பாள். மத்தியானம் எல்லாரையும் தட்டித் தூங்க வைப்பாள். எந்தக் குழந்தைமேலும் பட்டுவிடக் கூடாதே என்று நாள் முழுக்கத் தன் முள்ளை ஒடுக்கியே வைத்திருப்பாள். அது எவ்வளவு சிரமம் என்று முள் உள்ளவர்களுக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் பெற்றவர்கள் வந்து வரிசையில் நிற்பார்கள். அதற்குச் 'சேதி நேரம்' என்று பெயர். குட்டியை ஒப்படைக்கும்போது, அன்றைக்கு அது என்ன செய்தது என்று டீச்சர் ஒரு சேதி சொல்ல வேண்டும். அதைக் கேட்டால்தான் பெற்ற மனம் ஆறும்.

ஆரம்பத்தில் பூரணி உள்ளதை உள்ளபடிதான் சொன்னாள். ஒருநாள் காட்டுப்பன்றி அம்மாவிடம், "உங்க பையன் இன்னைக்கு ரெண்டு பேரைக் கடிச்சு வச்சுட்டான். கொஞ்சம் கவனிங்கம்மா" என்றாள்.

அவ்வளவுதான்! காட்டுப்பன்றி உறுமிய உறுமலில் நாவல் பழம் உதிர்ந்தது.

"எம்புள்ளையையா சொல்றே? உடம்பெல்லாம் ஊசி வச்சிருக்கிறவளுக்கு நாக்கும் ஊசியாத்தான் இருக்கும்! வாடா போகலாம்!"

பையனை இழுத்துக்கொண்டு போனவள் அதோடு விட்டாளா? காடு முழுக்கச் சொல்லிவைத்தாள். "அந்த டீச்சர்கிட்டயா விடறீங்க? பேச்சே குத்துது!" என்றாள். அடுத்த வாரம் பாதிக் குழந்தைகள் வரவில்லை.

பூரணி அன்றைக்கு அழுதாள். உள்ளதைச் சொன்னால் உடம்பெரிச்சல் என்று சும்மாவா சொன்னார்கள்! 'உடம்பில் இருக்கிற முள்ளே போதும். இனி வாயில் தேன்தான்' என்று முடிவு செய்தாள்.

அன்று முதல் சேதி நேரம் களை கட்டியது. கரடிக்குட்டி அடுத்தவர்கள் தீனியை எல்லாம் பிடுங்கித் தின்றிருந்தால், "உங்க பையனுக்கு நல்லாப் பசி எடுக்குது! எல்லாரோடயும் கலந்து சாப்பிடுறான்!" என்பாள். குரங்குக்குட்டி தூக்கணாங்குருவிக் கூட்டைப் பிய்த்துப் போட்டிருந்தால், "கைவேலையில உங்க பொண்ணு கெட்டிக்காரி!" என்பாள். பெற்றவர்கள் பூரித்துப் போனார்கள்.

"டீச்சர்னா இவங்கதான் டீச்சர்!"

போன குழந்தைகள் எல்லாம் திரும்பி வந்தன. காட்டுப்பன்றியே பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பயத்தில் ஆரம்பித்த பழக்கம்தான். ஆனால் நாளாக நாளாக அந்தப் புகழ் பூரணிக்கும் ருசித்துப் போனது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த வகுப்பில் செவந்தி என்று ஒரு புள்ளிமான் குட்டி இருந்தது. சாதுவான குட்டி. சொன்ன இடத்தில் உட்காரும். அடுத்தவர் பேசும்போது பேசாது. அதன் அம்மா அஞ்சலைக்கு அது ஒரே பிள்ளை.

வகுப்பில் மோப்பப் பாடம்தான் பெரிய பாடம். மற்ற பாடத்தில் தோற்றால் திட்டு விழும். காட்டில் மோப்பத்தில் தோற்றால் உயிர் போகும். பூரணி தேக்கிலைப் பொட்டலங்களில் துளசி, நாவல் பழம், ஈர மண் என்று ஒவ்வொன்றை மடித்து வைப்பாள். ஒரு பொட்டலத்தில் மட்டும் முட்புதரில் சிக்கிக் கிடந்த சிறுத்தை முடி இருக்கும். குட்டிகள் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்க்க வேண்டும். சிறுத்தைப் பொட்டலம் பிரிந்ததும், "ஓடு! ஓடு!" என்று கத்த வேண்டும். அதுதான் விளையாட்டு.

செவந்தி எப்போதும் சரியாகவே கத்தும். பக்கத்தில் உட்காரும் முயல்குட்டி பஞ்சு கத்தினால், அடுத்த நொடி செவந்தியும் கத்திவிடும்.

ஒருநாள் பஞ்சுவுக்குக் காய்ச்சல். வரவில்லை. பூரணி சிறுத்தைப் பொட்டலத்தைப் பிரித்து, செவந்தியின் மூக்கடியில் நீட்டினாள்.

செவந்தி கண்ணை மூடியபடி ஆசையாக மோந்து பார்த்தது. காதை இந்தப் பக்கம் திருப்பியது, அந்தப் பக்கம் திருப்பியது. பிறகு சிரித்துக்கொண்டே, "துளசி, டீச்சர்!" என்றது.

பூரணி அடுத்த பொட்டலத்தைப் பிரித்தாள். துளசியை நீட்டினாள்.

"ஈர மண்ணு!"

நாவல் பழத்தை நீட்டினாள்.

"இதுவும் துளசிதானே, டீச்சர்?"

பூரணிக்குப் புரிந்துவிட்டது. இந்தக் குட்டிக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. பிறவியிலேயே மோப்பம் இல்லை. வாசனை என்றால் என்ன என்றே அறியாத குழந்தை, பஞ்சு கத்தும்போது கத்துவதுதான் பாடம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. பாவம், அது யாரையும் ஏமாற்றவில்லை.

'இன்றைக்கு அஞ்சலையிடம் சொல்லிவிட வேண்டும்' என்று பூரணி நினைத்தாள். நிஜமாகவே நினைத்தாள்.

சாயங்காலம் அஞ்சலை வந்தாள். வழக்கம்போலச் சிரிக்காமல் மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். நான் முதுகுப் பக்கமா வந்தா இவ திடுக்குனு துள்ளுறா. பெத்தவ வாடைகூடத் தெரியலையோன்னு மனசுக்குள்ள ஒரு அரிப்பு. வகுப்புல மோப்பம் ஒழுங்காப் பிடிக்கிறாளா?"

வாசல் தேடி வந்த கேள்வி! "இல்லைம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பூரணி வாயைத் திறந்தாள். அஞ்சலைக்குப் பின்னால் கரடி நின்றது. அதற்குப் பின்னால் குரங்கு. கடைசியில் காட்டுப்பன்றி நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அஞ்சலையின் முகமோ, தொட்டால் உடைந்துவிடும் போலிருந்தது.

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க!" என்றாள் பூரணி. "மோப்பத்துல உங்க பொண்ணுதான் வகுப்புலயே முதல்!"

அஞ்சலையின் கண் கலங்கிவிட்டது. செவந்தியை நெற்றியிலும் காதிலும் நக்கி நக்கிக் கொடுத்தாள். செவந்தியும் தலையை நிமிர்த்திக்கொண்டது. டீச்சரே சொல்லிவிட்டாரே!

'ஊரார் முன்னால் எப்படிச் சொல்வது? நாளைக்குத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடலாம்' என்று பூரணி தன்னைத் தேற்றிக்கொண்டாள். மறுநாள் அஞ்சலை தனியாகத்தான் வந்தாள். வாய் நிறையச் சிரிப்போடு, "நீங்க சொன்னதைக் கூட்டத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் டீச்சர்!" என்றாள். அதற்குமேல் எப்படிச் சொல்வது? 'பழகினால் மோப்பம் தானாக வந்துவிடும்' என்று இன்னொரு சமாதானம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தொடங்கிவிட்டால், பிறகு சோறு போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கோடை வந்தது. நாணல்குளம் சேறாகச் சுருங்கியது. மான்கள் மலையடியில் இருக்கும் பாறைச் சுனைக்குத் தண்ணீருக்குப் போக ஆரம்பித்தன.

அந்தச் சுனை பொல்லாத இடம். பாறைப் பிளவுக்குள் கழுத்துவரை தலையை விட்டுத்தான் குடிக்க முடியும். குடிப்பவருக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. அதனால் மான்கள் இரண்டிரண்டாகத்தான் போகும். ஒன்று குடிக்கும், இன்னொன்று காற்று வரும் திசையில் மூக்கைத் தூக்கிக்கொண்டு காவல் நிற்கும். காற்றில் வாடை வந்தால் கத்தும். அது மான்கூட்டத்தின் வழக்கம்.

ஒரு மத்தியானம் அஞ்சலை சுனைக்குக் கிளம்பினாள். அவள் தங்கை கனகு, "நானும் வரட்டுமாக்கா?" என்று எழுந்தாள்.

"நீ படு. வெயில்ல எதுக்கு அலையறே? எம்பொண்ணு மூக்கு இருக்கு எனக்கு!" என்று சொல்லிவிட்டு, செவந்தியைக் கூட்டிக்கொண்டு போனாள்.

திரும்பி வந்தது செவந்தி மட்டும்தான்.

சிறுத்தை காற்று வந்த திசையில்தான் பதுங்கியிருந்தது என்று பிறகு குரங்குகள் சொல்லின. வாடை மூக்கில் அறைந்திருக்குமாம். எந்த மான்குட்டியும் கத்தியிருக்குமாம்.

சேதி கேட்டதும் பூரணி நாவல் மரத்தடியில் சாய்ந்துவிட்டாள். சிறுத்தைதான் அடித்தது, ஊருக்கெல்லாம் அது தெரியும். அந்த வாடை செவந்தியின் மூக்கில் ஏன் ஏறவில்லை என்பது பூரணிக்கு மட்டும் தெரியும். குழந்தைகள் பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்டன. அவளுக்குப் பாட்டு வரவில்லை.

சில நாள் கழித்துக் கனகு செவந்தியை வகுப்பில் கொண்டுவந்து விட்டாள். குட்டி யாரோடும் விளையாடவில்லை. தீனியைத் தொடவில்லை. பஞ்சு பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோதும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் சேதி நேரத்தில் கனகு வரிசையில் வந்து நின்றாள். அவள் முகம் கடுகடுவென்றிருந்தது.

"டீச்சர், நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. மோப்பத்துல இவதான் முதல்னு நீங்கதானே சொன்னீங்க? முதலா வர்ற புள்ள, சிறுத்தை வாடையை விட்டிருப்பாளா? தூங்கியிருக்கணும். இல்லேன்னா பட்டாம்பூச்சி பின்னால ஓடியிருக்கணும். கேட்டா, 'நின்னேன், நின்னேன்'னு சாதிக்கிறா. கூட்டத்துல யாரும் இவ முகத்துல முழிக்கிறதில்ல!"

செவந்தி பூரணியை நிமிர்ந்து பார்த்தது.

"நான் தூங்கல, டீச்சர். அம்மா சொன்ன இடத்துலதான் நின்னேன். மூக்கைத் தூக்கிட்டேதான் நின்னேன்." அது ஓரடி முன்னால் வந்தது. "எனக்கு நல்லா மோப்பம் வரும்னு சொன்னீங்கள்ல? அன்னைக்கு மட்டும் ஏன் டீச்சர் வரல?"

பூரணியின் நாக்கில் ஒரு பொய் தயாராக வந்து நின்றது. 'காத்து திசை மாறியிருக்கும்மா' என்று சொன்னால் முடிந்தது. கனகுவும் நம்புவாள். டீச்சர் பெயரும் கெடாது.

ஆனால் அந்தக் குட்டி? காற்று மாறியதாம், நம் மூக்கில் குறையில்லை என்று நம்பி, அது நாளைக்கு இன்னொருவருக்குக் காவல் நிற்குமே!

"கனகு, இவ மேல தப்பே இல்ல" என்றாள் பூரணி. "இவளுக்கு மோப்பமே கிடையாது. பிறவிக் குறை. எனக்கு அது அப்பவே தெரியும். அஞ்சலை என்கிட்ட கேட்டா. அவ முகம் வாடிடுமேன்னும், நாலு பேர் என்னைத் தப்பா நினைப்பாங்களேன்னும் பொய் சொல்லிட்டேன். செவந்தி, நீ ஒழுங்காத்தான் நின்னேடா கண்ணு. ஒழுங்கா இல்லாதவ நான்தான்."

கனகு தலையைத் தாழ்த்திக்கொண்டு பூரணிக்கு நேராக வந்தாள். கத்துவாள், முட்டுவாள் என்றுதான் பூரணி எதிர்பார்த்தாள். முட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

கனகு தணிந்த குரலில் சொன்னாள்.

"இத அக்காகிட்ட அன்னைக்கே சொல்லியிருந்தா, சுனைக்கு நான் கூடப் போயிருப்பேனே, டீச்சர்."

கனகு குனிந்து செவந்தியின் கழுத்தோடு கழுத்தை வைத்துக்கொண்டாள். "வாடி தங்கம். இனிமே காத்துப் பக்கம் நான் நிக்கறேன்" என்று அணைத்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

அடுத்து நின்ற கரடி அம்மா தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள்.

"டீச்சர்... எம்பையனைப் பத்திச் சொன்னதெல்லாம்?"

"பிடுங்கித் திங்கறான்மா. சின்னப் புள்ளைங்க இவனைக் கண்டா நடுங்குதுங்க."

கரடி தலையைக் குனிந்துகொண்டாள். "சரி டீச்சர். நான் சொல்லித் திருத்துறேன்" என்றாள்.

அன்றைக்கு ஒவ்வொருவருக்கும் பூரணி உள்ளதைச் சொன்னாள். கூட்டைப் பிய்த்ததை, கடித்ததை, இன்னும் பேச்சு வராததை எல்லாம் சொன்னாள். காட்டுப்பன்றி அம்மாவும் கேட்டுக்கொண்டாள். ஒருவராவது கோபித்துக்கொண்டு பிள்ளையை நிறுத்துவார்கள் என்று பூரணி பார்த்தாள். மறுநாள் காலையில் எல்லாக் குழந்தைகளும் வந்திருந்தன. எதற்காக அத்தனை நாள் பயந்தாளோ, அது இந்தத் தடவை நடக்கவே இல்லை. அதை நினைத்து நினைத்துத்தான் அவள் வெகுகாலம் அழுதாள்.

பிள்ளையின் குறையைப் பெற்றவர்களிடம் மறைப்பது அன்பு ஆகாது. மனம் வாடினாலும் உண்மையைக் காலத்தில் சொல்வதே அந்தப் பிள்ளைக்குச் செய்யும் உதவி.