மூணு வாசலுக்கும் ஒரே பட்டை

கண்ணு சரியாத் தெரியாத எறும்ப எவனாச்சும் காவலுக்கு வைப்பானான்னு சிரிக்கிறியே, வைப்பாங்கடி. கண்ணு இல்லாட்டி என்ன, மூக்கு இருக்குல்ல? முழுசாக் கேளு.

ஒரு காட்டுல மழைக்காலத்துக்குன்னே ஒரு குகை. உள்ள மூணு அறை. ஒண்ணுல ஊத்துத்தண்ணி, ஒண்ணுல தானியம், கடைசி அறையில கௌதாரியோட முட்டைங்க. மூணு வாசல்லயும் செவ்வெறும்புப் படை.

பொறுப்பு முயலோடது. தெனம் காலையில தண்ணி வாசப்படியில துளசி, தானிய வாசப்படியில நொச்சி, முட்டை வாசப்படியில கருவேப்பிலைன்னு தேய்ச்சு வைக்கும். யாருக்கு எங்க வேலையோ அந்த இலைய மட்டும் பறிச்சுக் குடுக்கும். படியில என்ன வாசனையோ அதே வாசனை வர்றவன்கிட்டயும் இருந்தா எறும்பு வழிவிடும். பொழுது சாஞ்சா இலை வாடிடும். அப்புறம் உள்ள போக முடியாது.

ஒருநாள் மயிலு நேத்து வாங்கின துளசியோட வந்து நின்னுச்சு. காலெல்லாம் எறும்பு ஏறிக்கிச்சு. அது குதிச்ச குதிப்பப் பாத்து, மழை வருதுன்னு தவளையெல்லாம் கத்த ஆரம்பிச்சிடுச்சு. அத விடு, இப்ப குரங்கு கதைக்கு வர்றேன்.

தானிய அறைக் கூரை ஒழுகுச்சு. அடைக்க வந்தது குரங்கு. நல்ல வேலைக்காரன், ஆனா மறதிக்காரன். தெனம் விடியக்கால இலைக்கு வந்து நிக்கும்.

"முயலக்கா, நொச்சி குடு. கைகழுவணும், துளசியும் குடு."

நாலு நாள் பொறுத்துச்சு முயலு. அஞ்சாம் நாள் ஒரு மரப்பட்டையில தேன்மெழுகு பூசி, மூணு இலைச் சாறையும் சேத்துத் தேய்ச்சு, நாருல கோத்து குரங்கு கழுத்துல மாட்டிச்சு. "இது வாடாது. எங்க வேணா போ, என்னைத் தூங்க விடு."

"முட்டை அறையில எனக்கென்ன வேலைக்கா?"

"இருந்துட்டுப் போகட்டும்டா. நீ என்ன திருடவா போற?"

குரங்கு திருடல. ஆத்துல குளிக்கையில பட்டையக் கெளையில மாட்டிட்டு மறந்து போச்சு, அவ்வளவுதான். அந்தப் பக்கம் வந்துச்சு கீரி.

கொஞ்ச நேரத்துல, கழுத்துல பட்டையோட கீரி குகைக்குள்ள நுழையுறத முயலு பாத்துச்சு. ஓடிப்போய் எறும்புகிட்ட, "அது கீரி, உள்ள விடாதீங்க"ன்னுச்சு.

"ஆளு யாருன்னு எங்களுக்குத் தெரியாது தாயி. வாசனை சரியா இருக்கு."

கீரி அவசரப்படல. தண்ணி அறையில நின்னு நெதானமாக் குடிச்சுது. முட்டைக்குள்ள குஞ்சுங்க கொத்திக்கிட்டிருந்த சமயம்டி அது.

கழுத்துல கெடக்குறதப் பிடுங்க முயலால ஆகுமா? ஆனா வாசப்படி அதோட பொறுப்பாச்சே. குகை வாசல்ல நின்ன வேம்புல ஒரு கொத்தப் பறிச்சு வாயில கவ்விக்கிட்டு முட்டை அறைக்குப் பாஞ்சுது. படியில சேத்தப் பூசிக் கருவேப்பிலை வாசனைய மறைச்சுது. மேல வேப்பிலைய அழுத்தித் தேய்ச்சுது.

கீரி வந்துச்சு. எறும்பு மோந்துச்சு. பட்டையில துளசி இருக்கு, நொச்சி இருக்கு, கருவேப்பிலை இருக்கு. வேம்பு இல்ல.

அப்புறம் என்ன, மூக்குல நாப்பது எறும்பு. கீரி ஓடுன ஓட்டத்துல பட்டை அறுந்து சேத்துல விழுந்துச்சு.

கௌதாரி முட்டைய ஒண்ணொண்ணாத் தடவிப் பாத்துட்டுச் சொல்லுச்சு: "ரெண்டு இலை பறிக்க வலிச்ச காலு, இப்ப எப்படி ஓடுதுன்னு பாரு."

மறுநாள் விடியுறதுக்கு முன்னாடி நொச்சியும் துளசியும் பறிச்சுக்கிட்டு, முயலே குரங்கைத் தேடிப் போச்சு.

நீதி: ஆளு நல்லவனாவே இருந்தாலும், அவன் வேலைக்கு வேண்டிய கதவ மட்டும் தொறந்து விடு, வேலை முடிஞ்சா அதையும் சாத்து.

ஏ ராக்கு, தூறல் விழுது, மாடியில காயுற வடகத்த உள்ள கொண்டா. சாவிக்கொத்த அப்படியே தூக்கிட்டுப் போகாத, மாடிச் சாவி மட்டும் போதும்.