நாலு கோர் மீசை

பனங்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் கேம் சென்டரில் கார் பந்தயம் என்றால் கொம்பையா கோஷ்டிக்குக் கடைசி இடம் நிச்சயம். அதை அவர்கள் வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததே இல்லை. அப்படியிருந்தும் கொம்பையா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், ரயில்வே கேட்டு அந்தோணியிடம், "ஞாயித்துக்கிழமை தோத்தா என் மீசைய எடுத்துருதேன்லே" என்று சவால் விட்டுவிட்டான். விளக்கெண்ணெய் தடவித் தடவி வளர்த்த மீசை அது.

நண்பர்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு சென்டர்காரர் தனிஸ்லாஸிடம் போனான்.

"புது மெஷின் மட்டும் எப்படிண்ணே இம்புட்டு வேகமா ஓடுது?"

"உள்ள நாலு கோர் இருக்குடே. நாலு ஆளுன்னு வச்சுக்கோ. ஒருத்தன் படம் வரைவான், ஒருத்தன் சத்தத்தப் பாத்துக்கிடுவான், ஒருத்தன் எதிராளி கார ஓட்டுவான், ஒருத்தன் எது எதுல இடிக்குன்னு கணக்குப் போடுவான். ஒருத்தன் வேலையில இன்னொருத்தன் தலையிடப்படாது, எவனும் சும்மா இருக்கப்படாது, சூடாகவும் விடப்படாது. அம்புட்டுதான்."

நால்வரும் டீக்கடையில் உட்கார்ந்து தீவிரமாக யோசித்தார்கள்.

"மெஷினுக்குள்ள நாலு பேரு பாடுபடுதான். வெளிய நாம ஒத்த ஆளா ஆடுனா அவனுவ நம்மள மதிப்பானுவளா?" என்றான் மாசானம்.

"மதிக்கவே மாட்டானுவ," என்றான் இசக்கித்துரை.

"நாமளும் நாலு பேருதானலே!" என்றான் எட்வின். இந்தப் பொருத்தத்தைக் கேட்டதும் கொம்பையாவுக்கு மீசை பிழைத்துவிட்டது போலவே இருந்தது. அங்கேயே வேலையைப் பிரித்தான்.

"பாக்கது இசக்கி. சொல்லுதது எட்வின். மிதிக்கது மாசானம். திருப்புதது நான்."

"பாத்தத நான் சொல்லலாமா?" என்றான் இசக்கித்துரை.

"அதெப்படி? சொல்லுதது எட்வின் வேலைல்லா?"

"அப்ப நான் பாக்கலாமா?" என்றான் எட்வின்.

"பாக்கது இசக்கி வேலை. நீ சொல்லு."

"என்னத்தச் சொல்ல?"

"அதுல நான் தலையிடப்படாதுலே."

ஞாயிற்றுக்கிழமை இசக்கித்துரையைத் தவிர மற்ற மூவரும் கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். சூடாகக் கூடாதே என்று நால்வர் தலையிலும் ஈரத்துண்டு. கூட்டம் அவர்களைப் பார்த்து வாயடைத்துப் போனது. பயந்துவிட்டார்கள் என்று கொம்பையா நினைத்துக்கொண்டான்.

பந்தயம் தொடங்கியது. சும்மா இருக்கக் கூடாதென்று மாசானம் ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் மாறி மாறி மிதித்தான். கொம்பையா ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமமாகத் திருப்பினான். "நேராப் போ! பிரமாதம்! நேராப் போ!" என்று எட்வின் கத்திக்கொண்டே இருந்தான். எதிரே சுவர் வருவதை இசக்கித்துரை மட்டும் பார்த்தான். கண்ணில் நீர் முட்டியது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு கடமை உணர்ச்சி.

டமால் டமால் என்று சத்தம் கேட்டபோதெல்லாம் அந்தோணியின் கார்தான் நொறுங்குகிறது என்று கொம்பையா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். கட்டை அவிழ்த்துப் பார்த்தால், அந்தோணி எப்போதோ ஜெயித்துவிட்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தான். இவர்கள் கார் குளத்துக்குள் தலைகீழாகக் கிடந்தது.

"தோத்தது கெடக்கட்டும். நம்மள்ல எவனாவது சும்மா இருந்தானா?" என்றான் மாசானம். யாரும் சும்மா இருக்கவில்லை என்பதில் எல்லோருக்கும் பெருமைதான். மீசை மட்டும் போயாக வேண்டும்.

கொம்பையா மீசையைக் கடைசியாக ஒருமுறை முறுக்கிவிட்டுக்கொண்டு சலூன் நாற்காலியில் உட்கார்ந்தான். சலூன்காரர் கத்தியை எடுத்ததும் எட்வின் தடுத்தான். "நீங்க ஒத்த ஆளு, நேரமாவும். ஆளுக்கொரு கத்தி குடுங்க."

இடது மீசை எட்வினுக்கு, வலது மாசானத்துக்கு என்று முடிவானது. அப்போதுதான் சிக்கல் புரிந்தது. மீசைக்கு இரண்டே பக்கம், ஆட்களோ நாலு பேர். இரண்டு பேர் சும்மா இருந்தால் என்ன ஆவது? நன்றாக யோசித்து, இடது புருவத்தை இசக்கித்துரை எடுத்துக்கொண்டான். வலது புருவத்தைக் கொம்பையாவே பொறுப்பேற்றுக்கொண்டான்.

கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. கொம்பையா கண்ணாடியில் தன் வழவழ முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். அவன் கவலையெல்லாம் எங்கோ ஓடிப்போனது.

"போய் அந்தோணியக் கூட்டிட்டு வாங்கலே," என்றான். "அவன் கேட்டது ஒண்ணு. அதே நேரத்துல நாம மூணா முடிச்சிருக்கோம். இப்பச் சொல்லச் சொல்லு, ஜெயிச்சது யாருன்னு!"