யாரும் கண்டுகொள்ளாத கம்பி

அந்தக் கணினிப் பட்டறையில் குருவைவிடச் சிஷ்யைக்குப் பதினைந்து வயது அதிகம். குரு அறவாழி அவளை அக்கா என்பார். சிஷ்யை செண்பகவல்லி அவரை வாத்தியாரே என்பாள். இதில் இருவருக்கும் வெட்கமில்லை, ஊருக்குத்தான் கொஞ்சம் சிரிப்பு.

செண்பகவல்லி கணக்கு டீச்சராக இருந்தவள். தோற்ற பிள்ளைக்கு மார்க் போடச் சொன்னார் தாளாளர். மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, புதுத்தொழில் கற்கச் சேர்ந்தாள். வேலை மாறியதே தவிர வாய் மாறவில்லை.

ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி பச்சிளங்குழந்தைகளுக்கென்று வார்டு கட்டியிருந்தது. தொட்டிலுக்குத் தொட்டில் மூச்சைக் கவனிக்கும் கருவி. எந்தக் குழந்தைக்காவது மூச்சு தடுமாறினால் கணினிக்குள் செருகிய ஒரு கார்டுக்குச் செய்தி போகும். கார்டு கூப்பாடு போடும். நர்ஸ் மேஜையில் மணி அடிக்கும். அந்தக் கூப்பாட்டுக்குத் தொழிலில் இன்டரப்ட் என்று பெயர். செய்கிற வேலையைப் போட்டுவிட்டு முதலில் இங்கே பார் என்று அர்த்தம்.

கார்டு இருந்தது ஒரு பெரிய சர்வரில். அதற்குள் மூன்று விர்ச்சுவல் மெஷின்கள், ஒரே வீட்டில் மூன்று குடித்தனம் மாதிரி; மூன்றையும் நடத்தும் சர்வரின் அடிப்படை மென்பொருள்தான் வீட்டுக்காரர். பில் போட ஒன்று, மருந்துக் கடைக்கு ஒன்று, வார்டுக்கு ஒன்று. கார்டை வீட்டுக்காரர் பொறுப்பில் விடாமல் வார்டுக் குடித்தனத்தின் கையிலேயே நேராகக் கொடுத்திருந்தார்கள்.

இதையெல்லாம் பொருத்திக் கொடுக்கும் வேலை அறவாழியின் பட்டறைக்கு; மணியைச் சோதிப்பது செண்பகவல்லியின் பொறுப்பு. குழந்தைக்குப் பதில் மூச்சுவிடும் பொம்மை ஒன்று இருந்தது. அதன் மூச்சை நிறுத்துவாள், மணி அடிக்கும். மறுபடி நிறுத்துவாள், அடிக்கும். பிறகு திடீரென்று அடிக்காது. கார்டின் சிவப்பு விளக்கு கிடந்து துடிக்கும். திரையோ பச்சையாக, எல்லாரும் சுகம் என்று சொல்லிக்கொண்டிருக்கும். 

கார்டு கெட்டுவிட்டது என்று குருவிடம் ஓடினாள். கார்டு நன்றாக இருந்தது. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் சரியில்லை என்று ஓடினாள். அதுவும் சரியாக இருந்தது. கேபிள் என்றாள். குரு வந்து பார்த்து, கேபிளும் சரிதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

திறப்பு விழாவுக்கு முதல்நாள் காலை ஆஸ்பத்திரி நிர்வாகி தனபால் வந்தார்.

"சர்வரை அணைச்சுப் போட்டா சரியாயிடுதுல்ல? அப்ப மணிக்கொரு தடவை அணைச்சுப் போடுங்க. முடிஞ்சு போச்சு."

"அது எழுந்து வர்றதுக்குள்ள ஒரு குழந்தைக்கு மூச்சு நின்னா?" என்றாள் செண்பகவல்லி.

"நர்ஸுங்க இருக்காங்களேம்மா."

"நர்ஸுங்க மணியை நம்பி இருக்காங்க. மணி இதை நம்பி இருக்கு. இது யாரை நம்பி இருக்கு?"

தனபால் குருவைப் பார்த்தார். குரு சிஷ்யையைப் பார்த்தார்.

"அக்கா, கொஞ்சம் சும்மா இருங்க," என்றார் குரு. "சார் சொல்றபடியே செஞ்சிரலாம்."

செண்பகவல்லிக்கு முகம் சிவந்துவிட்டது. பொம்மையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சர்வர் அறைக்குள் போய், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் இதை ஒப்படைக்க விடமாட்டேன். வேணும்னா என்னைத் தூக்கி வெளியே போட்டுட்டு ஒப்படைங்க."

தனபால் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். குரு வாசலிலேயே நின்றார். கோபம் அவருக்கும்தான்.

"இப்ப உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒரே கேள்வி வாத்தியாரே. உள்ள கார்டு கத்துது. அது ஏன் வெளிய கேக்க மாட்டேங்குது?"

 குரு உள்ளே வந்தார். அவள் திரையில் திறந்து வைத்திருந்த வார்டு மெஷினின் ஜன்னலை மூடினார். அவளுடைய சோதனைகள், குறிப்புகள் எல்லாம் கண்ணுக்கு மறைந்தன.

"என்ன பண்றீங்க! அங்கதானே கார்டு இருக்கு?"

"கார்டு அங்க இருக்கு. அதோட குரல் எந்த வழியா வருது?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் குடித்தனத்துக்குள்ளேயே தேடியிருக்கிறாள். கார்டைக் கொடுத்தாயிற்று, இனி வீட்டுக்காரருக்கு அதில் என்ன வேலை என்று நினைத்துவிட்டாள். ஆனால் கார்டின் கூப்பாடு வீட்டுக்காரரின் பொதுக் கம்பி வழியாகத்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவள் எழுந்து, வீட்டுக்காரர் எழுதிவைத்த பதிவுகளைத் திறந்தாள். கம்பி எண் போட்டு ஒரு வரி இருந்தது: யாரும் கண்டுகொள்ளவில்லை. அடுத்த வரி: கம்பி மூடப்படுகிறது.

அதே கம்பியில் இன்னொரு கார்டும் தொங்கிக்கொண்டிருந்தது. ஊழியர்கள் விரல்ரேகை வைக்கிற வருகைப்பதிவு மெஷினுக்கானது. பழையது, காரணமில்லாமல் விடாமல் கத்துவது. ஒவ்வொரு கத்தலுக்கும் வீட்டுக்காரர் கம்பியில் இருக்கிறவர்களையெல்லாம் கேட்டிருக்கிறார், உன்னுடையதா, உன்னுடையதா என்று. இல்லை, இல்லை என்றே பதில் வந்திருக்கிறது. பொறுத்துப் பார்த்துவிட்டுக் கம்பியையே மூடிவிட்டார். குழந்தைகளின் கார்டும் அதோடு ஊமையானது.

"அநியாயம்!" என்றாள் செண்பகவல்லி. "சும்மா கத்துனது அது. வாயைப் பொத்துனது இதுக்கும் சேர்த்தா?"

"வேற என்ன செய்யும்? ஓயாம வெட்டிக் கூப்பாடு வந்தா எந்த வீட்டுலயும் காதை மூடிக்கத்தான் செய்வாங்க."

"காலையில நீங்க மூடிக்கிட்ட மாதிரியா?"

குரு திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் விடவில்லை.

"கார்டுன்னு சொன்னேன், தப்பு. டிரைவர்னேன், தப்பு. கேபிள்னேன், அதுவும் தப்பு. மணி அடிக்கலைன்னு சொன்னேனே வாத்தியாரே, அது தப்பா?"

"இல்லைக்கா."

அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை. வருகைப்பதிவு கார்டைப் பிடுங்கப் போனாள். குரு அவள் கையைத் தடுத்தார்.

"அதைப் பிடுங்கினா நாளைக்கு அதே இடத்துல வேறொண்ணு வந்து கத்தும்."

"அப்ப?"

"அது கத்திட்டுப் போகட்டும். நம்ம கார்டு ஏன் பொதுக் கம்பியில நிக்கணும்?"

கார்டுக்குத் தனி வழி இருக்கத்தான் செய்தது. கம்பியை இழுக்காமல், தன் செய்தியைத் தானே எழுதி நேராகச் சேர்க்கிற வழி. டிரைவரில் யாரோ எப்போதோ அதை அணைத்து வைத்திருந்தார்கள். செண்பகவல்லி அதைத் திறந்தாள். பிறகு பொம்மையின் மூச்சை நிறுத்தினாள். மணி அடித்தது. மதியச் சாப்பாட்டை மறந்து நிறுத்திக்கொண்டே இருந்தாள். வருகைப்பதிவு கார்டும் தன் பாட்டுக்குக் கத்திக்கொண்டே இருந்தது. பொதுக் கம்பி மறுபடி மூடியது. அப்போதும் மணி அடித்தது. அவள் பொம்மையைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள்.

சாயங்காலம் தனபால் வந்து மணி அடிப்பதைக் கேட்டார். திருப்திதான். வார்டை ஏற்றுக்கொண்டார். போகும்போது குருவைத் தனியே கூப்பிட்டார். தனியே என்றுதான் பெயர், செண்பகவல்லியின் காதில் விழுகிற தூரம்தான்.

"எல்லாம் சரி தம்பி. அந்தம்மாவை மட்டும் இனிமே வார்டுப் பக்கம் அனுப்பாதீங்க. வந்தா தினம் ஒரு குறை சொல்வாங்க."

"தினம் வருவாங்க சார்," என்றார் குரு. "அவங்க குறை ஒண்ணும் சொல்லாம போற அன்னிக்கு உடனே எனக்கு ஃபோன் பண்ணுங்க."