மூணு ராணி வந்தா ஒப்பாரி

சீட்டுக்கட்டக் கண்டதும் வட்டம் கட்டி உக்காந்துட்டீங்களேடா! கல்யாணப் பந்தியிலகூட இவ்ளோ ஒழுங்கா உக்கார மாட்டீங்களே! ஜெயிச்சா உங்க மூளை, தோத்தா சீட்டு சரியில்ல. இருங்க, கலைக்காதீங்க. ஒங்களவிட மோசமா ஆடுன ஒருத்தரப் பத்திச் சொல்றேன். அவரு ராசா வேற.

கடலோரத்துல வெள்ளமணல் பாளையம்னு ஒரு குட்டி ராச்சியம். ராசா பேரு விசயரங்க பூபதி. மீசை பெருசு, ராச்சியம் சிறுசு. அங்க ஒரு கப்பல்காரத் துரை வந்து எறங்குனான்.

"புது ஆட்டம் ராசா! ஆளுக்கு அஞ்சு சீட்டு. மொத சீட்டக் கவுத்துப் போடுவோம், அவங்கவங்க மட்டும் பாத்துக்கணும். மீதி நாலும் ஊரு பாக்க மல்லாத்தி, ஒண்ணொண்ணா. ஒவ்வொரு சீட்டுக்கும் பந்தயத்த ஏத்தலாம். பயந்தா வெலகிக்கலாம்."

எது ஒசத்தி, எது மட்டம்னும் சொன்னான். ராசாவுக்கு ஒண்ணும் வெளங்கல. ஆனா அந்த அரமனையில ராசா சந்தேகம் கேக்க மாட்டாரு, கேட்டா கெளரவம் போயிரும். தலைய ஆட்டுனாரு. பின்னாடி நின்ன பிரதானியும், புலவரும், வெத்தலப்பெட்டிக்காரனும் சேந்து ஆட்டுனாங்க.

இன்னொரு வழக்கமும் உண்டு. ராசா பின்வாங்கவே மாட்டாரு. கையில குப்பை வந்தாலும் வெலக மாட்டாரு.

துரைக்கு வேறென்ன வேணும்? ரெண்டே நாள்ல மொளகு மூட்டை, முத்துமாலை, பல்லக்கு எல்லாம் கப்பலேறிருச்சு. மிச்சம் பட்டத்து யானை செண்பகம்தான்.

"நாளைக்கு யானை!"ன்னான் துரை.

ராசா காத்தப்பனக் கூப்புட்டாரு. அரமனையில வாய வச்சே வயித்தக் கழுவுற ஆளு அவன்.

"காத்தப்பா, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள எனக்கு ஜெயிக்கக் கத்துக்குடு. இல்லன்னா யானையோட நீயும் கப்பலேறு. அதுக்குத் தழை போட ஆளு வேணுமாம்."

காத்தப்பனுக்கு அங்கேயே வயித்தப் பெரட்டுச்சு.

நேரா கப்பல் சமையக்காரன்கிட்ட ஓடுனான். ஒரு பலாப்பழத்தக் குடுத்து ஆட்டம் மொத்தத்தையும் கறந்துட்டான். ஆட்டம் சுளுவு. ராசாதான் கஷ்டம். அவருக்கு சந்தோசம்னா மீசை நுனி மேல போகும், துக்கம்னா கீழ தொங்கும். கூட நிக்கிற கூட்டம் அதுக்குத் தாளம் போடும். இந்த மூஞ்சிய எப்படி மறைக்கிறது?

திரும்பி வந்து, துரை இல்லாத நேரமாப் பாத்து சபை நடுவுல பாடம் எடுத்தான்.

"மகராசா, வேற வேற சீட்டா வந்தா நாடு செழிக்கும். ஒரே மாதிரி ரெண்டு வந்தா குடும்பச் சண்டை. மூணு வந்தா சர்வநாசம்!"

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

எல்லாரும் தலைய ஆட்டுனாங்க.

மறுநாள் ஆட்டம். மொத மூணு ஆட்டத்துல ராசாவுக்கு ஒண்ணுக்கொண்ணு சேராத சீட்டா வந்துச்சு. மீசை மேல ஏறுச்சு. புலவர் வாழ்த்துப்பா பாடுனாரு. 'அட, ஆளு கத்துக்கிட்டாரே! நல்ல சீட்டு போல'ன்னு துரை மூணு தடவையும் வெலகிட்டான்.

நாலாவது ஆட்டம். ராசாவோட கவுத்த சீட்டு ராணி. மல்லாத்துன மொத சீட்டு ஏழு. அடுத்தது ராணி. மீசை லேசாத் தொங்குச்சு. அப்புறம் ஒரு மூணு. கடைசியா இன்னொரு ராணி!

ராசா கவுத்த சீட்டோட ஓரத்தத் தூக்கி இன்னொரு தரம் பாத்தாரு. தலையில அடிச்சுக்கிட்டாரு. "ஐயோ, போச்சே!"ன்னாரு பிரதானி. புலவர் ஒப்பாரி ஆரம்பிச்சாரு. வெத்தலப்பெட்டிக்காரன் துண்டுல மூக்கச் சிந்துனான்.

துரை முன்னாடி மல்லாந்து கெடந்த நாலுல ரெண்டு ராசா சீட்டு. 'வெளிய தெரியிற ரெண்டு ராணிய என் ரெண்டு ராசா அடிச்சிரும். உள்ள இருக்குறது குப்பை. இல்லன்னா எதுக்கு இந்த எழவு வீடு?'

"ராசா! இதுவரைக்கும் ஜெயிச்சது அத்தனையும், கப்பலோட சேத்து வைக்கிறேன். யானைய வைங்க!"

"வச்சேன். நான் பின்வாங்க மாட்டேன்"னு விம்முனாரு ராசா.

துரை கவுத்த சீட்டத் திருப்புனான். ஒரு ஒம்போது. "ரெண்டு ராசா!"

"செண்பகம், என்ன மன்னிச்சிரும்மா"ன்னு ராசாவும் திருப்புனாரு.

துரையோட தொப்பி கீழ விழுந்துச்சு. "மூணு ராணியா! ரெண்ட மூணு அடிச்சிருமே! நீங்க... ஜெயிச்சுட்டீங்க!"

"ஜெயிச்சனா?"

ஒப்பாரி பாதியில நின்னுச்சு. எதுக்கும் இருக்கட்டும்னு பிரதானி மட்டும் இன்னும் கொஞ்சம் அழுதாரு.

"காத்தப்பா! எனக்குத் தப்பாவாடா கத்துக்குடுத்த?"

"ஆட்டத்தத் தப்பாத்தான் கத்துக்குடுத்தேன் மகராசா. நீங்க ஆட்டமா கேட்டீங்க? ஜெயிக்கத்தான கத்துக்குடுக்கச் சொன்னீங்க!"

ராசா மீசை குலுங்கக் குலுங்கச் சிரிச்சாரு. அவரு சிரிச்சதப் பாத்துட்டு சபையும் சிரிச்சுச்சு. வெறுங்கப்பல மட்டும் துரைகிட்ட திருப்பிக் குடுத்து அனுப்புனாரு. கையில கெடந்த தங்கக் காப்பக் கழட்டி காத்தப்பனுக்குப் போட்டாரு.

"செண்பகத்து மேல ஒனக்கு இவ்ளோ பாசமாடா?"

"பாசமா? யானை மட்டும் போறதா இருந்தா நானே சங்கிலிய அவுத்து ஏத்திவிட்டிருப்பேன். நானும் போகணும்னீங்களே! எனக்குக் கப்பல்னாலே வாந்தி வரும், மகராசா."