உடும்பு பிடித்த வால்

ஒரு காட்டில் மூன்று கோடைகளாக யாருமே தெளிந்த தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் என்று கேட்கிறீர்களா குழந்தைகளே? எல்லாம் ஒரு விளாங்காயால் வந்த வினை!

அந்தக் காட்டுக்குக் கீழைக்காடு என்று பெயர். எதிர்க்கரையில் இருந்தது மேலைக்காடு. நடுவே ஓர் ஓடை. மாசி பிறந்ததும் ஓடை வற்றி மணலாகிவிடும். ஒரே ஒரு மடுவில் மட்டும் கோடை முழுக்கத் தண்ணீர் நிற்கும். அந்த மடுவில் முதலில் இறங்கிக் குடிப்பது யார் என்று இரண்டு காட்டுக்கும் ஒரு காலத்தில் தினமும் அடிதடி. மண்டை உடைந்தது போதும், இனி ஆடித் தீர்த்துக்கொள்வோம் என்று கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் விளாங்காய் ஆட்டம். அணிக்கு ஒருவர் விளாங்காயை எறிவார். அவருடைய கூட்டாளி ஓடிப்போய் அதைப் பிடித்து, எதிரணியின் எல்லையில் இருக்கும் கறையான் புற்றைத் தொட வேண்டும். சூரியன் உச்சிக்கு வருவதற்குள் யார் அதிகம் தொடுகிறார்களோ அந்த வருடக் கோடைக்கு அவர்களுக்கே மடு. வென்ற காடு தினமும் முதலில் குடிக்கும். தோற்ற காடு என்ன செய்யும்? அவர்கள் குடித்து, குளித்து, புரண்டு எழுந்து போன பிறகு சேற்றைக் குடிக்கும்.

கீழைக்காட்டில் ஓர் உடும்பு இருந்தது. அது ஆட்டம் ஆடாது, பார்க்க மட்டும் செய்யும். ஆனால் ஆடுகிறவர்களுக்குக்கூட அத்தனை மூச்சு வாங்காது. வாயில் எதைப் பிடித்தாலும் விடாது. மனதில் ஓர் எண்ணத்தைப் பிடித்துவிட்டால் அதையும் விடாது. அந்த உடும்புக்கு ஒரே ஓர் ஆசைதான். தன் முகம் தெரிகிற தண்ணீரில் ஒரு வாய் குடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

போன வருடமே அது நடந்திருக்க வேண்டியது. அப்போது கீழைக்காட்டுக்கு எறிந்தது ஒரு மரநாய். ஆட்டத்துக்கு முதல் நாள் மேலைக்காட்டார் நாலு பலாச்சுளையைக் காட்டினார்கள். மரநாய் அக்கரைக்குப் போய்விட்டது! போனதோடு நிற்காமல் மறுநாள் அவர்களுக்காகவே எறிந்து ஜெயித்தும் கொடுத்தது. அந்தக் காயம் உடும்பின் மனதில் ஆறவே இல்லை.

இந்த வருடம் எங்கிருந்தோ ஒரு கருங்குரங்கு வந்து சேர்ந்தது. நீளமான வால், அமைதியான முகம். அது எறிந்த முதல் விளாங்காயைப் பார்த்ததும் கீழைக்காடே வாயைப் பிளந்தது. அன்று சாயங்காலம் நாவல் மரத்தடியில் ரசிகர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா?" என்று குதித்தது மைனா. "பனை உயரத்துக்குப் போன காய், ஓடுற சருகுமான் வாயிலயே வந்து விழுது! இந்த வருஷம் மடு நமக்குத்தான்."

"எறியறது சரி," என்றது உடும்பு. "நிப்பானா?"

"அதானே! நிப்பானா?" என்றது மைனா. கடைசியாக யார் பேசுகிறார்களோ, மைனா அவர்கள் பக்கம்.

காட்டுச் செய்தி எல்லாவற்றையும் அரைகுறையாகத் தெரிந்து வைத்திருக்கும் காக்கை, தொண்டையைச் செருமிக்கொண்டது. "இது அவனுக்கு மூணாவது காடு, தெரியுமா? முதல்ல தேக்கங்காடு. அப்புறம் மூங்கில்காடு. ரெண்டையும் விட்டுட்டு வந்தவன் நம்மளோட மட்டும் ஒட்டிக்கிட்டு இருப்பானா?"

"ஏன் விட்டுட்டு வந்தான்னு அவனையே கேட்டா என்ன?" என்றது காட்டெருமை, அசை போட்டபடி.

"நீங்க ஒண்ணு எருமையக்கா!" என்றது உடும்பு. "கேட்டா நிஜத்தையா சொல்லுவான்? நிஜம் சொல்றவனா இருந்தா ஏன் காடு காடா மாறுறான்?"

இந்தக் கேள்வி எல்லோருக்கும் மிகவும் புத்திசாலித்தனமாகப் பட்டது. அதனால் யாரும் போய்க் கேட்கவில்லை.

கருங்குரங்கு அப்போது பக்கத்து மரத்தில்தான் உட்கார்ந்திருந்தது. ஒரு வார்த்தை விடாமல் காதில் விழுந்தது. அது கொழுந்து தின்றுகொண்டே இருந்தது.

அன்றிலிருந்து அதற்குத் தினமும் இதே பாட்டுதான். மரத்துக்கு மரம் போனால், "என்ன தம்பி, கிளம்பியாச்சா?" என்று கேட்பார்கள். போகாமல் ஒரே மரத்தில் இருந்தால், "எங்க போகலாம்னு யோசனையா?" என்பார்கள். நன்றாக எறிந்தால், "இவ்வளவு நல்லா எறியறவனை மேலைக்காடு விட்டு வைக்குமா?" என்று கவலைப்பட்டார்கள். ஒரு நாள் ஒரு காய் தவறிப் போயிற்று. "பாத்தியா, இப்பவே மனசு இங்க இல்ல!" என்றார்கள்.

"இங்கதான் இருக்கேன் அண்ணே," என்று மட்டும் சொல்லும் கருங்குரங்கு.

ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது காக்கை மூச்சிரைக்கப் பறந்து வந்தது.

"சேதி தெரியுமா? தினமும் விடிஞ்சதும் அவன் ஓடையைத் தாண்டி அக்கரைக்குப் போறான்! என் கண்ணால பாத்தேன்."

"எதுக்குப் போறான்?" என்றது காட்டெருமை.

"எதுக்குன்னு நான் பாக்கல. போறதைப் பாத்தேன். அது போதாதா?"

உடும்புக்கு அதுவே போதுமாக இருந்தது. பலாச்சுளை வாசனையே மூக்கில் அடிப்பது போல் இருந்தது. 'ஊர் முழுக்கப் பேசிக்கொண்டு இருக்கட்டும். நான் இந்தத் தடவை ஏமாற மாட்டேன்' என்று அது முடிவு செய்தது.

ஓடைக்கு இறங்கும் வழியில் ஒரு மருத மரம். அதன் வேரடியில்தான் உடும்பின் வளை. ஆட்ட நாளன்று பொழுது விடிந்தது. சொன்னது போலவே கருங்குரங்கு ஓடைப் பக்கம் நடந்து வந்தது. வந்தது, மருதவேரில் உட்கார்ந்து இரண்டு கொழுந்தைக் கிள்ளி வாயில் போட்டது. அதன் நீண்ட வால் வளை வாசலில் சரியாகத் தொங்கியது.

உடும்பு உடம்பு முழுவதையும் வளைக்குள் இருத்திக்கொண்டு, வாயை மட்டும் நீட்டி, லபக்கென்று வாலைக் கவ்வியது.

"ஐயோ! யாருப்பா அது?"

"ம்ம்," என்றது உடும்பு. வாயில் வால் இருக்கும்போது வேறென்ன சொல்ல முடியும்?

"வாலை விடுப்பா. இன்னைக்கு ஆட்டம் இருக்கு."

"ம்ம்ம்!" ஆட்டத்துக்கா போகிறாய், எனக்குத் தெரியாதா என்று அதற்கு அர்த்தம்.

ஆட்டம் தொடங்கும் நேரத்தில் விட்டுவிடலாம் என்பதுதான் உடும்பின் திட்டம். கொஞ்ச நேரத்தில் ஓடை வளைவுக்கு அப்பாலிருந்து மயில் அகவியது. ஆட்டம் தொடங்கிவிட்டது! கருங்குரங்கு துடித்துப் போய்த் தன் பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தது.

'இப்படி இழுக்கிறானே,' என்று நினைத்தது உடும்பு. 'அக்கரையில் யாரோ காத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. இப்போது விட்டால் எந்தப் பக்கம் ஓடுவானோ?' அது இன்னும் இறுக்கிப் பிடித்தது.

"யாராவது வாங்களேன்!" என்று கத்தியது கருங்குரங்கு. ஆட்டக் களத்தின் கூச்சலில் அது யாருக்குக் கேட்கும்? ஆனால் அங்கே காக்கை கத்தியது இங்கே நன்றாகக் கேட்டது.

"மேலைக்காடு, ஒண்ணு!"

உடும்பு கண்ணை இறுக மூடிக்கொண்டது. பிடியை விடவில்லை.

"மேலைக்காடு, ரெண்டு! கருங்குரங்கைக் காணோம்! ஓடிப் போயிட்டான்! நான் அப்பவே சொன்னேன்!"

மூன்று ஆயிற்று. வெயில் ஏறியது. நான்கும் ஆயிற்று. கருங்குரங்கு இழுப்பதை நிறுத்தியது. அதன் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"இப்பப் புரியுது," என்றது அது வளையைப் பார்த்து. "நீ மேலைக்காட்டு ஆளுதானே? கீழைக்காட்டைத் தோக்கடிக்கணும்னு உன்னை அனுப்பியிருக்காங்க. நல்லா வேலை செஞ்சுட்டப்பா."

தன்னைப் பார்த்து இப்படி ஒரு சொல்லா! உடும்புக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாருடா மேலைக்காடு?" என்று சீறியது. "நாங்க மூணு தலைமுறையா கீழைக்காடு!"

வாய் திறந்தது. வால் விடுபட்டது.

கருங்குரங்கு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே தாவல். அக்கரைப் பக்கமாக அல்ல, ஆட்டக் களத்தைப் பார்த்து!

உடும்பு திகைத்து நின்றது. 'அப்படியானால் தினமும் அக்கரையில் என்ன செய்தான்?' வலிக்கிற தாடையோடு அது மணலைக் கடந்து போய்ப் பார்த்தது. அங்கே ஒற்றைப் பனைமரம் ஒன்று. அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. கீழே உடைந்த விளாங்காய்கள், இருபதோ முப்பதோ. தினமும் விடியற்காலையில் யாரோ தூரத்திலிருந்து எறிந்து, எறிந்து, அதே இடத்தில் அடித்துப் பழகியிருக்கிறார்கள்.

உடும்புக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது. அது களத்தை நோக்கி ஓடியது.

அங்கே கருங்குரங்கு எறிந்துகொண்டிருந்தது. ஒன்று! சருகுமான் பிடித்து ஓடிப் புற்றைத் தொட்டது. இரண்டு! மூன்று! கீழைக்காடு எழுந்து நின்று கத்தியது. நான்கு! மைனா தலைகால் புரியாமல் ஆடியது. இரண்டு காடும் சமம். சூரியன் உச்சியைத் தொட இன்னும் ஓரிரு வீச்சுக்குத்தான் நேரம்.

கருங்குரங்கு கையை ஓங்கியது. எறியும்போது அதற்குச் சாயாமல் நிற்க வால் வேண்டும். அந்த வாலோ வீங்கி, மரத்துப் போய்த் தொங்கியது. உடம்பு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது. காய் சருகுமானின் மூக்குக்கு ஒரு விரற்கடை தள்ளி மணலில் விழுந்தது. மேலைக்காட்டு மரநாய் அதைப் பாய்ந்து எடுத்து எறிந்தது. அதன் கூட்டாளி பிடித்து ஓடிக் கீழைக்காட்டுப் புற்றைத் தொட்டது. மயில் அகவியது.

"இவ்வளவு நல்லா எறியறவன் ஏன் நேரங்கழிச்சு வந்தான்?" என்று கத்தியது காக்கை. "எல்லாம் பேசி வச்ச வேலை! பலாச்சுளை கைமாறியிருக்கு!"

"அதானே! கைமாறியிருக்கு!" என்றது மைனா.

"எங்கடா போயிருந்தே?" என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"வழியில மாட்டிக்கிட்டேன். என்னாலதான் தோத்துட்டோம், மன்னிச்சிடுங்க," என்றது கருங்குரங்கு.

உடும்பு கூட்டத்தின் ஓரத்தில் நின்றது. இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். காலையில் அவ்வளவு நேரம் திறக்காத வாய் இப்போதும் திறக்கவில்லை.

மறுநாள் கருங்குரங்கு காட்டில் இல்லை.

"சொன்னேனா இல்லையா!" என்று காக்கை மரத்துக்கு மரம் பறந்தது. தாங்கள் சொன்னது பலித்துவிட்ட சந்தோஷத்தில் ரசிகர்களுக்குத் தோற்ற துக்கம்கூடப் பாதி குறைந்துவிட்டது. "உடும்பண்ணே, நீங்கதான் முதல்லயே கண்டுபிடிச்சீங்க!" என்று மைனா பாராட்டியது.

அந்தப் பாராட்டு உடும்பைச் சுட்டது. அதற்குமேல் அதனால் தாங்க முடியவில்லை.

"அவனைப் பிடிச்சு வச்சிருந்தது நான்தான்," என்றது உடும்பு. வால், வளை, பனைமரம் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொல்லி முடித்தது.

காக்கை தன் காலைப் பார்த்தது.

"போறப்ப என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனான்," என்றது காட்டெருமை. "ஏன் தம்பி இப்படிக் காடு காடா மாறுறேன்னு கேட்டேன். 'நானா எந்தக் காட்டையும் விட்டு வரல அக்கா. போயிடுவான், போயிடுவான்னு சொல்லிச் சொல்லியே எல்லாக் காட்டிலயும் என்னை அனுப்பி வச்சிட்டாங்க'ன்னான்."

கோடை வந்தது. மேலைக்காட்டார் குடித்து, குளித்து, புரண்டு எழுந்து போன பிறகு, கீழைக்காட்டார் வரிசையாக மடுவுக்கு இறங்கினார்கள். உடும்பும் குனிந்தது. கலங்கிய தண்ணீரில் அதன் முகம் தெரியவில்லை.

தெரியாமல் இருப்பதே நல்லது என்று உடும்புக்குத் தோன்றியது.

நீதி: நம்மோடு இருக்க வந்தவரைப் போய்விடுவார், போய்விடுவார் என்று சந்தேகித்துக்கொண்டே இருந்தால், கடைசியில் நாமே அவரைப் போக வைத்துவிடுவோம்.