ஆபீஸ் கம்ப்யூட்டரும் ஆறு மணி பஸ்ஸும்

சபாநாயகம் ஐயா எங்கள் மடத்தில் வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. மடத்துத் தலைவி ஞானாம்பாள் அம்மாவுக்கு நாற்பத்தைந்துகூட இருக்காது. ஆனாலும் முதல் நாளே கும்பிட்டு, "நான் உங்க சீடன்" என்று சொல்லிவிட்டார்.

ஆயுசு முழுக்க ஆடிட் ஆபீசில் இருந்தவர். எந்த இலாகா எதை வாங்கினாலும், ஏன் இதை வாங்கினாய், ஏன் அதை வாங்கவில்லை என்று எழுதிக் கேட்பதுதான் உத்தியோகம். தான் ஒன்றும் வாங்கியதில்லை. வீட்டுக்குப் புளி மிளகாய்கூட சம்சாரம்தான்.

இப்படிப்பட்ட மனுஷரிடம் அம்மா, "ஆபீசுக்குப் புதுசா ஒரு கம்ப்யூட்டர் வாங்கிடுங்க ஐயா" என்றார்.

மடத்து ஆபீஸ் என்பது வாசல் பக்கம் ஒரு அறை. பொற்கொடி அங்கே உட்கார்ந்து, முதியோர் பென்ஷன், பட்டா என்று வருகிற ஜனங்களுக்கு மனு அடித்துக் கொடுப்பாள். பழைய கம்ப்யூட்டரில் ஒன்றைத் திறந்தால் இன்னொன்று நின்றுபோகும். வேலை இழுத்துக்கொண்டே போய், அவள் ஊருக்குக் கடைசி பஸ்ஸான ஆறு மணி பஸ்ஸைப் பாதி நாள் விட்டுவிடுவாள். அப்புறம் மெயின் ரோடு வரை நடந்து, ஷேர் ஆட்டோ பிடித்து வீடு போய்ச் சேர்வதற்குள், பக்கத்து வீட்டில் விட்டிருந்த மகள் தூங்கிப் போயிருப்பாள்.

சபாநாயகம் முறைப்படி ஆரம்பித்தார். மூன்று கடையில் கொட்டேஷன் வாங்கினார். பிராசஸர் ஐ-த்ரீயா, ஐ-ஃபைவா, ஐ-செவனா என்று கட்டம் போட்டு ஒப்பிட்டார். கட்டம் முடிவதற்குள் ஒரு கடைக்காரர் அந்த மாடல் நின்றுபோச்சு என்றார். மூன்று கொட்டேஷனும் ஒரே மாடலுக்கு இருந்தால்தானே முறை? மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி மூன்று வாங்கினார். இப்படியே தை போய் சித்திரை வந்துவிட்டது. நான் சமையல்கட்டில் கிடக்கிறவன், எனக்கென்ன வந்தது. இருந்தாலும் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

ஒரு நாள் பொற்கொடி அம்மாவிடம் வந்தாள்.

"வீட்டுப் பக்கத்துல ரைஸ் மில்லுல கூப்பிடறாங்கம்மா. அடுத்த மாசத்துலேர்ந்து..." என்று இழுத்தாள்.

அம்மா அவளைப் போகாதே என்று சொல்லவில்லை. அன்று சாயங்காலம் சபாநாயகம் காகிதக் கட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"எந்த பிராசஸர்னு நீங்களே சொல்லிடுங்கம்மா. எனக்குத் தூக்கமே போச்சு."

"அவ என்ன வேலை பண்றா?"

"மனு அடிக்கிறா."

"வேற?"

அவர் யோசித்துப் பார்த்தார். "தெரியலையேம்மா."

"நாளைக்கு அவளுக்கு லீவு. அவ நாற்காலியில நீங்க உட்காருங்க. வேலை முடிஞ்சதும் ஆபீஸ் சாவியை ஆறு மணி பஸ்ல போய் அவ வீட்டுல கொடுத்துடுங்க. மறுநாள் அவதானே திறக்கணும்."

உட்கார்ந்தார். முதலில் வந்த பெரியவர், மகன் சோறு போடாத கதையை முக்கால் மணி நேரம் சொன்னார். அதில் மனுவுக்கு வேண்டியது நாலு வரி. அதை அடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் வந்து பென்ஷன் என்னாச்சு என்று பார்க்கச் சொன்னார். வெப்சைட்டைத் திறந்தார். மனு அப்படியே நின்றுவிட்டது. ஆஃப் பண்ணி, ஆன் பண்ணி, மறுபடி முதலிலிருந்து அடித்தார். நாள் முழுக்க இதே கதைதான். கடைசி மனு பிரிண்டரிலிருந்து பாதி வந்திருந்தபோது வாசலில் பஸ் ஹாரன் கேட்டது. எழுந்து ஓடினார். பஸ் போய்விட்டது.

மறுநாள் காலை வீங்கின காலோடு அம்மாவிடம் வந்தார்.

"மெயின் ரோடு அவ்வளவு தூரம்னு எனக்குத் தெரியாதும்மா. பாவம், அந்தப் பொண்ணு இப்படித்தான் நடந்திருக்கா."

"ம்."

"கம்ப்யூட்டருக்கு அங்க பெரிய வேலை ஒண்ணும் இல்லை. பாதி நேரம் ஜனங்க பேசி முடிக்கட்டும்னு அது காத்துக்கிட்டுதான் கிடக்குது. மனுவும் வெப்சைட்டும் மடத்துக் கணக்கும் ஒண்ணா திறந்து நிக்கணும். அதுக்கு ஐ-த்ரீயே தாராளம். மெமரி மட்டும் கொஞ்சம் கூடப் போட்டுக்கலாம்."

"அப்ப வாங்கிட வேண்டியதுதானே?"

அவர் எழுந்திருக்கவில்லை. "நாளைக்கு ஏன் பெரிசா வாங்கலைன்னு கேட்டா என்ன சொல்றது?"

"யாரு கேக்கப்போறா?"

சபாநாயகம் தன் காகிதக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான்தாம்மா."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். மடத்துக்கு வந்து அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்றே டவுனுக்குப் போய் வாங்கி வந்துவிட்டார். பொற்கொடி ஆன் பண்ணிவிட்டு வழக்கம்போலத் தண்ணீர் குடிக்க எழுந்தாள். திரும்பிப் பார்த்தால் எல்லாம் தயாராக இருக்கிறது. "அதுக்குள்ளயா?" என்று மறுபடி உட்கார்ந்தாள். ரைஸ் மில்லுக்கு வரவில்லை என்று போனில் சொல்லியும் விட்டாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அன்று யாரும் கேட்காமலே பாயசம் வைத்தேன்.

பத்து நாள்கூட ஆகியிருக்காது. ஒரு சாயங்காலம் வாசலில் அம்மாவும் நானும் நின்றுகொண்டிருந்தோம். சபாநாயகம் கையில் பேப்பரோடு வேகவேகமாக வந்தார். முகம் வாடியிருந்தது.

"பாத்தீங்களாம்மா? இதைவிட வேகமான பிராசஸர் வந்திருக்காம். விலையும் கம்மியாம். கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

அம்மா பதில் சொல்வதற்குள் ஆறு மணி பஸ் வந்து நின்றது. பொற்கொடி பையை மாட்டிக்கொண்டு எங்களைத் தாண்டி ஓடிப்போய் ஏறினாள். ஜன்னலோரமாக இடம் கிடைத்துவிட்டது. அங்கிருந்து எங்களுக்குக் கையாட்டினாள்.

"அடுத்த மாசம் இந்த ரூட்டுக்குப் புது பஸ் விடப்போறாங்களாம்" என்றார் அம்மா. "அவளை இறங்கி நிக்கச் சொல்லட்டுமா, ஐயா?"