ஐந்தாவது பாட்டு

தாமரைக் குளத்தில் நான்கு தவளைகள் ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தன. மழை விட்ட மாலைகளில் கச்சேரி. கரை கொள்ளாத கூட்டம்!

கூட்டத்தில் முதல் ஆளாக வந்து உட்காருவது செவ்வலகி என்ற நீர்க்கோழி. ஐந்து குஞ்சுகளோடு வருவாள். அந்தக் குழு என்றால் அவளுக்கு உயிர். ஒரே ஒரு மனக்குறைதான். எப்போதும் அதே ஏழு பாட்டு, அதே வரிசை!

ஒரு மாலை தலைப்பாடகன் முரசனிடம் கேட்டேவிட்டாள்.

"அண்ணே, வரிசையைக் கொஞ்சம் மாத்தக் கூடாதா? போன ஆவணியில ஒரே ஒரு தடவை 'துள்ளடி துள்ளு' பாடினீங்களே, அதைப் பாடுங்களேன்!"

"அதுக்குக் கைதட்டலே விழலம்மா!"

"நான் தட்டினேனே!"

"நீ ஒருத்தி தட்டினா ஆச்சா? ஐந்தாவது பாட்டைக் கேக்கத்தான் இவ்வளவு கூட்டம்!"

மத்தளக்காரத் தவளை தொப்பையன் சிரித்தான். "குஞ்சு பொரிச்சதும் பொரிச்சா, நமக்கே பாடம் நடத்துறா!"

ஐந்தாவது பாட்டின் பெயர் 'நெடுமழை'. அதன் கடைசியில் ஒரே சுரத்தை மூச்சு தீரும்வரை இழுப்பார்கள். அப்போது பாடுகிறவர், கேட்கிறவர் எல்லாரும் கண்ணை மூடிக்கொள்வது அந்தக் குளத்து வழக்கம்.

செவ்வலகி மட்டும் மூடமாட்டாள். குஞ்சு பொரித்த நாள் முதல் அவளுக்கு எதற்கெடுத்தாலும் பயம். இலை அசைந்தாலும் குஞ்சுகளை எண்ணுவாள்.

அன்று கச்சேரி தொடங்கியதும் நாணல் ஓரம் ஒரு நாரை நிற்பதைப் பார்த்தாள். முதல் பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தபோது அது ஓர் அடி வைத்தது. இரண்டாவதற்கு இன்னோர் அடி. பாட்டு நடக்கும்போது கல்லாக நின்றது. மூன்றாவது முடிந்தபோது மேடைக்கு மிக அருகில் வந்துவிட்டது!

சட்டென்று அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. போன கச்சேரியில் ஐந்தாவது பாட்டுக்குப் பிறகு ஒரு சின்னத் தவளையைக் காணோம். 'வேறு குளத்துக்குப் போயிருப்பான்' என்று எல்லாரும் சொன்னார்களே!

கத்தினால் கூட்டம் மிரளும், பொடிசுகள் மிதிபடும். செவ்வலகி குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு மேடையருகே நீந்தினாள். நான்காவது பாட்டு அப்போதுதான் முடிந்தது.

"அண்ணே, அடுத்த பாட்டை மாத்துங்க!"

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?"

"உங்க வரிசையை என்னைவிட நல்லா மனப்பாடம் பண்ணின ஒருத்தர் வந்திருக்கார். தலையைத் திருப்பாம நாணல் பக்கம் பாருங்க!"

முரசன் ஓரக்கண்ணால் பார்த்தான். பச்சை முகம் வெளுத்துப்போயிற்று.

"ஐயோ! நாம முங்கிடலாமா?"

"கரையில இத்தனை பேர் கண்ணை மூடக் காத்திருக்காங்களே! 'துள்ளடி துள்ளு' பாடுங்க. போன தடவை அதைக் கேட்டு மொத்தக் கூட்டமும் தண்ணியில குதிச்சுதே! கைதட்ட என்னைத் தவிர யார் கரையில இருந்தா?"

"அடக் கடவுளே, அதானா விஷயம்! ஆனா, முதல் அடியே மறந்துபோச்சு!"

செவ்வலகி எடுத்துக் கொடுத்தாள். "துள்ளடி துள்ளு, தண்ணியை அள்ளு!"

தொப்பையன் மத்தளத்தில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான். நால்வரும் பாடிக்கொண்டே குதித்தார்கள். கரையே குதித்தது! தொபுக், தொபுக், தொபுக்!

நாரை பதறிப்போய்க் கொத்தியது. அலகு சேற்றில் ஆழச் செருகிக்கொண்டது. இழுத்து, உதறி, வெட்கத்தோடு பறந்துபோனது.

தண்ணீரிலிருந்து முரசன் தலை நீட்டினான். "தங்கச்சி, அடுத்த கச்சேரிக்கு எதில் தொடங்கலாம்? நீயே சொல்லேன்!"

அதன்பின் ஒவ்வொரு கச்சேரியும் ஒரு புது வரிசை. சில பாட்டுகள் நடுவில் தடுமாறி நின்றன; கூட்டம் சிரித்து மறுபடி பாடச் சொன்னது. நாரை இன்னும் மூன்று மாலை வந்து நின்று பார்த்தது. அடுத்து என்ன வரும் என்று புரியாமல் வேறு திசைக்குப் போயிற்று.

நம்மை நேசித்துக் கேட்பவர் சொல்லும் குறையைக் காது கொடுத்துக் கேட்டால், அதுவே நம்மைக் காக்கும்.